மழைக்கு முன்னால் கொத்த வேண்டிய மண்

மில் மூடிய பிறகு வயிறு காயாமல் இருக்க வேண்டுமென்றால் புறவாசலில் நாலு கத்தரிச் செடியாவது ஊன்ற வேண்டும் என்று முதலில் சொன்னவர் மேஸ்திரி தங்கப்பழம். முதலில் கடப்பாரையை எடுத்தவரும் அவர்தான். ஆகவே மில் குடியிருப்பான ஆறாம் லைனில் அப்புறம் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் தலையைத்தான் உருட்டினார்கள். நூல் நூற்கத் தெரிந்த சனம் அது, அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடுகிற சனம், ஆனால் மண்ணை எதனால் கொத்துவது என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும். லைன் வீடுகளின் பின்னால் கிடந்த செவல் மண்ணோ, சங்கு ஊதும்போதெல்லாம் மூன்று ஷிப்டு ஆட்களும் வேலைக்கு ஓடியும் வேலை விட்டு வந்தும், அவர்கள் பெண்டாட்டிகள் தண்ணீர் சுமந்தும், பிள்ளைகள் பாண்டி ஆடியும் மிதித்து மிதித்து, சிமெண்டுத் தரைக்கு அண்ணனாக இறுகிக் கிடந்தது.

தங்கப்பழம் கடப்பாரையை ஓங்கிப் போட்டதும் மண் பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து அவருடைய செத்துப்போன பெண்டாட்டியின் காலடிகள் எழுந்து நடந்தன. ஆள் இல்லை, நிழல் இல்லை, காலடிகள் மட்டும். தூசியில் பாதம் பாதமாகப் பதிந்து, மெட்டி தரையில் உரசுகிற சத்தத்தோடு, அடுப்படியிலிருந்து குழாயடிக்கும் குழாயடியிலிருந்து அடுப்படிக்குமாக அந்த அம்மாள் பல வருசம் நடந்த நடையெல்லாம் ஒரே நேரத்தில், ஷிப்டு விட்ட கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு எழும்பி, லைனைத் தாண்டிப் போய், தார் ரோட்டில் ஏறியதும் இல்லாமல் போயின. தங்கப்பழம் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து கத்தரி நாற்றை ஊன்றினார்.

இதை எதிர்வீட்டுப் புறவாசலில் நின்று பேராச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பைப் பிடித்தபடி மகள் முப்பிடாதியும் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வந்தவள், நின்று பார்த்துவிட்டு, "இத்தன வருசம் இத்தன பேரு மிதிச்ச மிதி எங்கயாச்சும் போயிருக்கணும்லா, எங்க போவும்?" என்றாள். யோசித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் அது சரி என்றுதான் பட்டது. அத்தோடு ஆச்சரியம் தீர்ந்தது, அதற்குப் பிறகு இதை எப்படி வைத்துக் கொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

சில மாதங்களிலேயே லைன் தனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டது. காலடி வருகிறது என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். குறுக்கே போகக் கூடாது. யாருடைய காலடி என்று தெரியாவிட்டாலும் "பாத்துப் போங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளை என்றால் "பாத்துப் போ தாயி" என்று சொல்ல வேண்டும். ஒரு காலடி ஒரு தடவைதான் நடக்கும். நடந்து தார் ரோட்டில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த மண்ணைத் தோண்டியும் பிரயோசனம் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் காலடிகளும் மண்ணைக் கொத்தினால் எழுந்து நடக்கத்தான் செய்யும், ஆனால் அவற்றுக்கு யாரும் ஒதுங்குவதில்லை, கோழியை விரட்டுவது மாதிரி "போ, போ" என்று விரட்டிவிடுவார்கள். செத்துப்போன ஒரு ஃபிட்டரின் காலடிகள் அவர் வீட்டுப் புறவாசலிலிருந்து எழுந்து நேரே அடுத்த வீட்டுப் புறவாசலுக்குப் போய்க் கதவருகே வெகுநேரம் நின்ற அன்றைக்கு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது, முறிந்தது தைப்பொங்கலுக்குச் சரியானது. ஒன்றிரண்டு வீட்டில் அவசர அவசரமாகச் சிமெண்டு ஊற்றி மூடினார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து சுகாதாரத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொசுமருந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

மண்ணைக் கொத்தும் சாமான்களைப் பற்றியும் லைன் அப்போதுதான் கற்றுக்கொண்டது. கடப்பாரையால் குத்தினால் வருசக்கணக்கான காலடிகள் ஒரே மூச்சில் வெளியேறிவிடும், எது எந்த நாளுக்கு உரியது என்று தெரியாது. முள் மண்வெட்டியால் கிளறினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ளது மண்ணிலேயே தங்கிவிடும், நடை விட்டு விட்டு வரும். களைக்கொத்தியால் முழங்காலிட்டுக் கொத்தினால் ஒவ்வொன்றாக, நிதானமாக வரும், ஆனால் அலகு குறுகலாக இருப்பதால் பெரிய பாதம் இரண்டாகப் பிளந்துவிடும். மண்வெட்டியோ ஓரங்களைச் சீவிவிடும். மண்வெட்டி போட்ட மண்ணிலிருந்து எழும் காலடிகள் தள்ளாடாது, நொண்டாது, இழுக்காது. எல்லாம் அளவெடுத்த மாதிரி நேராக நடக்கும். சாராயத்தில் போன ஒருவனின் பெண்டாட்டி மண்வெட்டியால் கொத்தினாள், அவன் கோடு போட்ட மாதிரி நேராக நடந்து போனதைப் பார்த்து, "இருக்கையில இப்படி ஒரு நா நடந்திருப்பியா" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு மூட்டுவலிக்காரர்கள், மூச்சுத் திணறி நடந்தவர்கள், இயந்திரத்தில் கால்விரல் போனவர்கள், கஷ்டப்பட்டு நடந்த எல்லோருக்கும் மண்வெட்டி போடுவதுதான் மரியாதை என்று ஆயிற்று. இருந்தபோது பட்ட பாடு போதும், போகிறபோதாவது நன்றாகப் போகட்டும் என்று லைன் முழுக்கச் சொன்னார்கள்.

முப்பிடாதிக்கு வலது பாதம் பிறவியிலேயே உள்பக்கம் மடங்கி இருந்தது. இடது காலை எட்டி வைப்பாள், வைத்துவிட்டு அது அங்கேயே நிற்கும், அப்புறம் வலது கால் மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்து அதோடு சேரும். டப், சர்ர். டப், சர்ர். அந்தச் சத்தத்தை வைத்தே பேராச்சி அடுப்படியிலிருந்து திரும்பாமல் எல்லாம் தெரிந்து கொள்வாள். கோடு நீளமாக வந்தால் பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள்; குட்டையாக வந்தால் பள்ளிக்கூடத்தில் எவனோ ஏதோ சொல்லியிருக்கிறான். புறவாசலில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், சுவரோரத்தில் பெரியவர்கள் கால் படாத ஒரு சாண் அகல மண் அவளுக்கே அவளுக்கு என்று ஆகியிருந்தது. லைனில் யார் வீட்டில் காலடி எழுந்தாலும் பின்னாலேயே போவாள். அந்தப் பெரிய பாதங்களுக்குள் தன் இடது காலை வைத்து, "ஏ அம்மா, இவுக காலுக்குள்ள நான் ரெண்டு பேரு நிக்கலாம்" என்று கத்துவாள். காலடிகள் அவளுக்காகக் கொஞ்சம் மெதுவாகப் போகின்றன என்று சுடலைவடிவு சொல்வதுண்டு, அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் வந்த காய்ச்சலில் முப்பிடாதி போய்விட்டாள். இதை விரித்துச் சொல்ல எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள்.

பேராச்சியின் புருசன் சங்கிலிபூதத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். காரியம் முடிந்து திரும்பப் போகும்போது அவன் சுவரோரத்து மண்ணை மிதிக்காமல் சுற்றிப் போனான். அவன் பஸ் ஏறியதும் பேராச்சி கருவேல முள்ளை வெட்டிக்கொண்டு வந்து அந்த ஒரு சாண் அகலத்துக்கும் வேலி வைத்தாள். அந்த மண்ணில் மகள் நடந்த நடை இருக்கிறது, ஒரே ஒரு தடவை எழுந்து நடக்கும், அதை டப் என்றும் சர்ர் என்றும் அப்படியே முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், கேட்டுக்கொண்டே தார் ரோடு வரைக்கும் கூட நடக்க வேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் மிச்சம் இல்லை.

ஆனால் எதனால் கொத்துவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. மண்வெட்டி போட்டால் கோட்டைச் சீவிவிடும். கடப்பாரை போட்டால் பிள்ளை கூட்டத்தில் தொலைந்த மாதிரி ஆகிவிடும். களைக்கொத்தி போட்டால் கோடு துண்டு துண்டாகும். அவசரப்படாமல் யோசிக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. பெரியவர்களின் காலடி கனமானது, எத்தனை ஐப்பசி மழை பெய்தாலும் மண்ணுக்குள் தாங்கிக் கிடக்கும். பிள்ளைகளின் காலடி மண்ணின் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும், ஒரு நல்ல மழை போதும், எழுந்து நடக்காமலே கரைந்துவிடும். போன வருசம் மூன்றாவது வீட்டில் அப்போதுதான் நடை பழகிய குழந்தைக்கு அப்படித்தான் ஆனது. அந்த வீட்டுக்காரி இன்றைக்கும் மழை பெய்தால் சன்னலைச் சாத்திவிடுகிறாள்.

பேராச்சி ஒரு காரியம் செய்தாள். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையைத் தண்ணீர் தெளித்து, மிதித்து, காயவைத்து இறுக்கினாள். இறுகிய மண்ணில் தானே இடது காலை எட்டி வைத்து, வலது பாதத்தை உள்ளே மடக்கி, கோடு இழுத்து இழுத்து நடந்தாள். அப்புறம் ஒவ்வொரு சாமானாகப் போட்டுப் பார்த்தாள். இரவல் வாங்கிய களைக்கொத்தியால் கொத்தியபோது சர்ர் என்று வரவேண்டியது விக்கல் மாதிரி சர் சர் சர் என்று வந்தது. முள் மண்வெட்டியில் பாதிதான் வந்தது. கொத்தனார் கரண்டி முனை குத்தியது. ஒரு நாள் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போய் மண்ணின் மேல்தோலை மட்டும் மெதுவாகப் பெயர்த்தாள், கோடு அறுபடாமல் கிட்டத்தட்ட முழுசாக வந்தது, வந்து பாதி வழியில் தோசைத் திருப்பி வளைந்துவிட்டது. அவள் வளைந்த தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி கேட்டு நின்றுபோன அந்தக் கோட்டின் சத்தத்தைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் நொண்டி நொண்டி நடப்பதை லைன் பார்த்தது. காலையில் பல் விளக்கும்போதும் பார்த்தது, மத்தியானம் வடகம் காயவைக்கும்போதும் பார்த்தது. "பிள்ள போன துக்கத்துல பிள்ளையாவே நடக்கா பாரேன்" என்று சுடலைவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டப் போய்க் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதைத்தான் அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது.

கடைசியில் பேராச்சி பஸ் ஏறிச் சந்தைப்பேட்டையில் மைதீன் பிச்சையின் இரும்புக் கடைக்குப் போனாள். ஆறாம் லைனுக்கே சாமான் விற்றவர் அவர்; காலடி விசயமெல்லாம் அவருக்குத் தெரியும்; லைன்காரர்கள் வந்தால் என்ன பயிர் என்று கேட்க மாட்டார், யாரு என்று கேட்பார்.

"யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"மகளுக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்புட்டு ஆழம்?"

"ஆழமே கெடையாது. மேல்தோலு மட்டும். ஒரு கோடு இருக்கு பாய், இம்புட்டு நீளம். அது அறுபடாம வரணும்."

"மம்பட்டி கேட்டா மம்பட்டி இருக்கு, கொத்தி கேட்டா கொத்தி இருக்கு. கோட்டுக்குன்னு ஒரு சாமான் நான் இதுவரைக்கும் வித்தது இல்லியே தாயி" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்கு உள்ளே போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனார். மரம் அறுக்கிற பழைய ரம்பத் தகடு ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிய நீளத்துக்கு வைத்துப் பார்த்தார். "பல்ல அரத்தால ராவிட்டு, தட்டி மெல்லிசாக்கி, குட்டையா ஒரு பிடி போடச் சொல்லுதேன். பட்டறையில வேல குமிஞ்சு கெடக்கு. சனிக்கெழம வா. மழ வருமோன்னு பயப்படாத, மேகம் இன்னும் தெக்க நிக்கி."

சனிக்கிழமை வருவதற்குள் மேகம் தெற்கில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே லைனுக்கு மேலே வந்து கறுத்துவிட்டது. தங்கப்பழம் வானத்தைப் பார்த்தார், முள்வேலி போட்ட சுவரோரத்தைப் பார்த்தார், திருப்பூருக்குப் போன் போட்டார்.

"இங்க பாருப்பா பூதத்தான், மழை இந்தா அந்தான்னு நிக்கி. ஒன் வீட்டுக்காரி கொத்த மாட்டேங்கா. நொண்டி நொண்டி நடந்துகிட்டு இருக்கா. புள்ளையோட காலடி கரைஞ்சு போச்சுன்னா அவள அப்புறம் மனுசியா பாக்க முடியாது."

போனில் கம்பெனியின் தையல் மிசின் ஓடுகிற சத்தம் வந்தது. "நீங்க எல்லாரும் சேந்து கொத்திருங்க அண்ணாச்சி" என்றான் சங்கிலிபூதத்தான். "மம்பட்டியாலயே கொத்திருங்க. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஆப்ரேசன் பண்ணுனா நேராயிடும்னு டாக்டரு சொன்னாரு, அடுத்த வருசம் அடுத்த வருசம்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். என்னால அந்தக் கால நேராக்க முடியல. போறப்பவாவது எம் பொண்ணு நேரா நடந்து போவட்டும் அண்ணாச்சி." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். தங்கப்பழம் போனை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தீட்ட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை பேராச்சி பஸ்ஸுக்குப் போனதும் ஆறாம் லைன் முழுக்க அவள் புறவாசலுக்கு வந்தது. துக்கவீட்டு மண்ணைத் தெருவே சேர்ந்து கொத்திக் கொடுப்பது இந்த இரண்டு வருசத்தில் அங்கே ஒரு வழக்கமாகியிருந்தது, வயசானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். குளித்துவிட்டு வந்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி, அலகை நன்றாகத் தீட்டிக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆசைப்பட்டு ஒரு கொத்தாவது போட வேண்டும் என்று வந்தவர்கள்தான் எல்லோரும், ஏனென்றால் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பிள்ளைக்கு இடம் விடாதவர் ஒருத்தரும் இல்லை. சுடலைவடிவு ஒரு பெரிய சருவத்தில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து, சுவரோர மூலையில் முள்ளை விலக்கி இறக்கி வைத்தாள். கருவேல முள்ளைக் கையில் குத்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். பிறகு தங்கப்பழம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினார்.

பேராச்சி அந்த நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பேப்பரில் சுற்றிய தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தார் ரோட்டிலிருந்து லைனுக்குத் திரும்பும் முனைக்கு வந்திருந்தாள். மைதீன் பிச்சை சொன்னபடியே செய்து வைத்திருந்தார்; அலகு அகலமாக, நெகிழ்ந்து கொடுக்கிற மாதிரி மெல்லிசாக, பிடி அவள் கைக்கு அடக்கமாக இருந்தது. மழை வாசம் வந்துவிட்டது, இருட்டிக்கொண்டும் வந்தது, ஆனால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், சேர்ந்த உடனே உட்கார்ந்துவிடலாம் என்று அவள் எட்டி நடந்தாள். அப்போது லைனுக்குள்ளிருந்து காலடிகள் வந்தன. சின்னப் பாதங்கள், நிறைய, டப்டப்டப்டப் என்று, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருகிற பிள்ளை மாதிரி, ஒரு கால் இன்னொரு காலை முந்திக்கொண்டு, தூசி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தன. பேராச்சி செருப்பைக் கழற்றினாள். ஓரமாக ஒதுங்கி நின்றாள். யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன சந்தோசமாக ஓடுகிறது, பெற்றவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ என்னவோ என்று நினைத்தாள். தன் மகள் ஒரு நாளும் இப்படி ஓடியதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதை உடனே தள்ளிவிட்டாள். காலடிகள் அவள் புடவை ஓரத்தை உரசிக்கொண்டு போனபோது, "பாத்துப் போ தாயி" என்று சொன்னாள். அவை தார் ரோட்டில் ஏறின. பிறகு இல்லை.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சுடலைவடிவு எதிரே ஓடி வந்தாள், அழுகையும் சிரிப்புமாக, கையெல்லாம் செவல் மண்ணாக. "பேராச்சி, பாத்தியா? வழியில பாத்தியா? என்ன ஓட்டம்! ஒரு பிசிறு இல்ல, ஒரு இழுப்பு இல்ல. மான்குட்டி மாதிரில்லா ஓடுனா."

"யாரு மைனி?"

"யாருன்னு கேக்கா பாரு. ஒம் மவதான்டி."

பேராச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். "எம் மவ ஓட மாட்டாளே மைனி" என்றாள்.

புறவாசலில் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒரு பெரிய காரியத்தை நன்றாக முடித்த முகத்தோடு நின்றார்கள். சுவரோரத்து மண் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பொலபொலவென்று, விதை போடுவதற்குத் தோதாகக் கொத்திக் கிடந்தது. "பூதத்தான்கிட்ட கேட்டுட்டுத்தான்மா செஞ்சோம்" என்றார் தங்கப்பழம். "நேரா போவட்டும்னு அழுதான். நேரா போயிட்டா தாயி. மழைக்கு முன்னால போயிட்டா." அவர் கண் கலங்கியிருந்தது. அவள் காலில் விழச் சொன்னால்கூட விழுந்திருப்பார், ஆனால் எதற்காக விழ வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பேராச்சிக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திட்டுகிற மாதிரி ஒரு முகம்கூட அங்கே இல்லை.

"எனக்குத் தெரியலியே" என்றாள். "எனக்கு அடையாளம் தெரியலியே அண்ணாச்சி. வழி விட்டுட்டேன். யாரோன்னு நெனச்சு வழி விட்டுட்டேன்."

அப்போதுதான் அவர்களில் ஒவ்வொருவருக்கும் மெல்லப் புரிய ஆரம்பித்தது. யாரோ ஒருவர் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. சுடலைவடிவு ஒன்றும் செய்யத் தோன்றாமல், காப்பியாவது கொடுக்கலாம் என்று நினைத்து மூலையில் இருந்த சருவத்தைத் தூக்கினாள். சருவம் இருந்த இடத்தில், அதன் அடிப்பாகத்தின் அளவுக்கு வட்டமாக, கொத்தாத மண் கொஞ்சம் இருந்தது.

பேராச்சி முழங்காலிட்டாள். பேப்பரைப் பிரித்துத் தகட்டை எடுத்து, அந்த வட்டத்தின் ஓரத்தில் படுக்கவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மண்ணின் மேல்தோலுக்கு அடியில் மெதுவாகச் செலுத்தினாள். தகடு வெண்ணெயில் போகிற மாதிரி போனது. டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கொத்தின மண்ணின் விளிம்பில் ஒரு சின்ன இடது பாதம் பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாக, பெருவிரல் கொஞ்சம் விலகி, முப்பிடாதியின் பாதம்.

பதிந்துவிட்டு அது நின்றது. எப்போதும் நிற்கிற மாதிரி, இழுத்துக்கொண்டு வருகிற இன்னொரு காலுக்காக நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். பேராச்சி தகட்டை இன்னும் உள்ளே செலுத்திப் பார்த்தாள், வட்டம் முழுக்கப் பெயர்த்துப் பார்த்தாள். வேறொன்றும் எழவில்லை. அந்தக் கோடு இருந்த மண் வட்டத்துக்கு வெளியே இருந்தது. அதை மண்வெட்டி எப்போதோ சீவி, அது மற்றவற்றோடு நேராகி, ஓடி, தார் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. பாதம் மட்டும் போகாமல் நின்றது. அவள் தன் விரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்து அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். அது ஏமாறவில்லை. "வா தாயி, மெதுவா வா. அவசரமில்ல. அம்மா இங்கதான் நிக்கேன்" என்று கொத்திப் போட்ட மண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் துளி விழுந்தது. பேராச்சி இரண்டு கைகளையும் பாதத்தின் இரண்டு பக்கமும் ஊன்றி, அதன் மேல் கவிழ்ந்து, முதுகை மழைக்குக் கொடுத்தாள். அடுத்த துளிகள் பெரிதாக விழுந்தன. தங்கப்பழம் இடுப்புத் துண்டை அவிழ்த்து அவளுக்கு மேலே பிடித்தார், அது உடனே நனைந்தது. சுடலைவடிவு வீட்டுக்கு ஓடி வடகம் காயவைக்கிற பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்தாள். ஒருத்தர் குடை கொண்டுவந்தார், ஒருத்தர் கோழிக்கூட்டின் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், மூன்றாவது வீட்டுக்காரி சன்னலைச் சாத்தாமல் ஓடி வந்து தன் வீட்டுப் பாயைப் பிரித்துப் பிடித்தாள், மில்லில் பஞ்சுப் பொதி மூடிய பழைய தார்ப்பாயை நாலு பேர் நாலு மூலையில் தூக்கி நின்றார்கள். ஆறாம் லைன் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, அவளைச் சுற்றி நெருக்கி நின்றது. அவளுக்கு மேலே ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஆனால் கொத்திய மண் தண்ணீரை நன்றாக வாங்கும். சுற்றியிருந்த மண் கறுத்து, ஈரம் அடிவழியாக அந்தப் பாதத்தின் பக்கம் மெல்ல ஊறிக்கொண்டு வருவது நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் அதை அவளிடம் சொல்லவில்லை.